கொடிமலை ரயிலும் மலையுச்சியும்: பினாங்குத் தீவில் ஒரு முழுக் காலையைக் கொடுக்க வேண்டிய இடம்

பினாங்குத் தீவுக்கு விடுமுறைக்குச் செல்லும் கோலாலம்பூர்க் குடும்பங்கள் பயணத் திட்டம் போடும்போது முதலில் பத்து பெரிங்கி கடற்கரையை எழுதிக்கொள்கிறார்கள். அடுத்துத் தண்ணீர்மலைக் கோயிலும் லிட்டில் இந்தியாவும் நாசி கண்டாரும் வந்து சேர்கின்றன. மிஞ்சியிருக்கும் இரண்டு மணி நேரத்தில் 'பினாங்கு ஹில்' எனப்படும் கொடிமலையைச் செருகிவிடுகிறார்கள். நண்பகல் வெயிலில் வரிசையில் நின்று, சில நிமிடங்களில் மேலே போய், கூட்டத்தோடு கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டு, கீழே இறங்குவதற்கும் மறுபடியும் வரிசையில் நிற்கிறவர்கள், "இதற்கா இவ்வளவு காசு?" என்று கேட்பதில் வியப்பில்லை. அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் நாம் மலைக்கு ஒதுக்கும் நேரம்தான் என்பது என் உறுதியான கருத்து. ரயில் கட்டணம் மலையின் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. காலை ஏழு மணிக்கெல்லாம் மேலே போய், நண்பகல் கடக்கும்வரை நடந்து திரிந்தால், இத்தீவில் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் தங்கள் பங்களாக்களுக்குப் போய்வர ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் குதிரையையும் டோலியையுமே நம்பியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் சிலர் முயன்று அமைத்த மலை ரயில் தொழில்நுட்பக் கோளாறுகளால் ஓடாமலே போயிற்று. பின்னர் அர்னால்ட் ராபர்ட் ஜான்சன் என்ற ரயில்வே பொறியாளரின் வடிவமைப்பில் புதிய பாதை போடப்பட்டு, 1923 அக்டோபரில் வண்டி ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. கரடுமுரடான மலைச்சரிவில், அடர்ந்த காட்டை வெட்டி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்குத் தண்டவாளம் பதித்த அந்த உழைப்பை நினைத்துப் பார்த்தபடி ஏறினால் பயணத்தின் சுவையே வேறு.

இயங்கும் முறை எளிமையானது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றொன்று ஏறுவதற்குத் துணை செய்கிறது. நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்று சேரும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கின்றன. 2010ஆம் ஆண்டு வரை பாதை இரு பகுதிகளாக இருந்ததால், நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும்; மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சேவை நிறுத்தப்பட்டு, 2011இல் சுவிட்சர்லாந்துத் தயாரிப்பான புதிய பெட்டிகளோடு ஒரே நேர்ப் பயணமாக மீண்டும் தொடங்கியது. இப்போது ஒரு பெட்டியில் நூறு பேர் ஏறலாம். குளிர்சாதன வசதி உண்டு. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மேலே இருக்கலாம். பழைய சிவப்புப் பெட்டியில் சென்ற தலைமுறைக்கு இந்த வேகத்தில் ஒரு குறை இருக்கிறது. "அப்பல்லாம் ஜன்னலத் தெறந்து வச்சா, ஏற ஏறக் காத்து குளுந்துக்கிட்டே வரும். இப்ப ஏறுனதும் தெரியல, எறங்குனதும் தெரியல" என்றார் அம்மா. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பெருங்கூட்டத்தைக் குறைந்த நேரத்தில் ஏற்றி இறக்குவதற்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெட்டியின் உட்புறம் சரிவுக்கேற்பப் படிப்படியாக அமைந்திருக்கிறது. மேலே போகும்போது எல்லாரும் முன்பக்கக் கண்ணாடிக்கு முண்டியடிக்கிறார்கள். முன்னால் வரும் பாதையையும் குகையையும் பார்க்க அதுதான் தோதான இடம். நானோ பின்பக்கக் கண்ணாடியைத்தான் பரிந்துரைப்பேன். வண்டி புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஆயர் ஈத்தாமின் அடுக்குமாடி வீடுகள் காலடிக்குக் கீழே இறங்கத் தொடங்கும். பிறகு கெக் லோக் சி கோயிலின் கோபுரம், நகரம், அதற்கப்பால் கடல் என்று ஒவ்வொன்றாக விரியும். இடையில் ஏறத்தாழ 80 மீட்டர் நீளமுள்ள குகைக்குள் வண்டி நுழையும்போது செங்குத்தான சரிவை உடம்பே உணரும். பின்னால் சாய்ந்து நிற்காமல் கம்பியைப் பிடித்துக்கொள்வது நல்லது, குறிப்பாக முழங்கால் வலி உள்ளவர்கள்.

நேரம் பற்றிய அறிவுரைதான் இந்த மதிப்பீட்டில் மிக முக்கியமானது. வண்டி காலை ஆறரை மணிக்கே ஓடத் தொடங்குகிறது. ஜோர்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து கொம்தார் வழியாக வரும் 204 எண் பேருந்து மலையடிவாரத்திலேயே இறக்கிவிடும் என்றாலும், விடியற்காலையில் போக விரும்பினால் வாடகைக் காரே வசதி. வேலை நாள் காலையில் வரிசை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. பள்ளி விடுமுறையிலும், சீனப் புத்தாண்டிலும், தைப்பூசத்துக்கு வந்த கூட்டம் மறுநாள் மலைக்குத் திரும்பும்போதும் நிலைமை தலைகீழ். கூடுதல் கட்டணம் செலுத்தினால் விரைவு வரிசையில் போகலாம். ஆனால் காலையிலேயே எழுந்துவிட்டால் அந்தக் காசு மிச்சம். மலேசியர்களுக்குக் கட்டணம் வெளிநாட்டவருக்கு விதிப்பதைவிட நன்றாகவே குறைவு என்பதால் மைகாட் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். தமிழகத்திலிருந்து உறவினரை அழைத்துவருகிறவர்கள் அவர்களுக்கு வேறு கட்டணம் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மேல் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் தெரிவது குளிர்ச்சி. கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்து பாகை குறைவு. கேமரன் மலைக் குளிரை எதிர்பார்த்துக் கம்பளிச் சட்டை எடுத்துவரத் தேவையில்லை, கைக்குழந்தைக்கும் முதியவர்களுக்கும் ஒரு மேல்துண்டு போதும். காட்சி மாடத்தில் நின்றால் ஜோர்ஜ்டவுன் முழுவதும், 1985இல் திறந்த முதல் பாலமும், தெற்கே 2014இல் திறந்த இரண்டாம் பாலமும், நீரிணைக்கு அப்பால் பட்டர்வொர்த்தும் விரிந்து கிடக்கும். பெரும்பாலோர் நகரத்தையும் பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வானம் தெளிவாக இருக்கும் காலையில் பார்வையைச் சற்று வடக்கே திருப்பினால், கெடாவின் சமவெளியிலிருந்து தனியே எழுந்து நிற்கும் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். அதன் அடிவாரத்தில் இருப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. 1025ஆம் ஆண்டுவாக்கில் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் அதுவே என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. இந்தக் கடலைக் கடந்து வருகிற கப்பல்களுக்கு அந்த மலைதான் நெடுந்தொலைவிலிருந்தே அடையாளமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், பாடப்புத்தகத்தில் படித்த பெயரைக் கண்ணெதிரே சுட்டிக்காட்டும் இந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். புகைமூட்டக் காலத்தில் எதுவும் தெரியாது. பத்து மணிக்கு மேல் வெக்கை ஏறினாலும் ஜெராய் மங்கிவிடும்.

மாடத்துக்கு மேலே சில படிகள் ஏறினால் அருளொளி திருமுருகன் ஆலயம். அதற்குப் பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கிறது. மலைமேல் காவற்பணியில் இருந்த இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் வழிபட்ட இடமாக இக்கோயிலின் தொடக்கத்தைச் சொல்வது வழக்கம். ஆங்கிலேயத் துரைமார்களையும் அவர்களின் மனைவிமார்களையும் தோளில் சுமந்து இத்தனை உயரம் ஏறியவர்கள், ஏறி முடித்ததும் முருகன் முன்னால் நின்று மூச்சு வாங்கியிருப்பார்கள் என்று எண்ணும்போது, சந்நிதியில் நிற்பது வெறும் சுற்றுலாவாக இருப்பதில்லை. சுற்றுச்சுவரிலும் கோபுரத்திலும் வண்ணச் சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. காலைப் பூசை நேரத்தில் சாம்பிராணிப் புகையும் மலைப்பனியும் ஒன்றாகக் கலந்து மண்டபத்துக்குள் தவழ்வதை வேறெங்கும் நான் கண்டதில்லை. விபூதித் தட்டோடு நின்ற பெரியவர் ஒருவர் அம்மாவிடம், "அக்கா, மத்தியானத்துக்கு மேல மூட்டம் எறங்கிடும். நடக்கறதெல்லாம் இப்பவே நடந்துட்டு வந்துருங்க, சாமி எங்கயும் போகாது" என்றார். அன்று ஒரு மணிக்கெல்லாம் மலை முழுவதும் வெண்மூட்டம் சூழ்ந்துகொண்டதைப் பார்த்தபோது அவர் சொல்லின் அருமை புரிந்தது.

மேலே கேளிக்கைகள் சில உள்ளன. சிறு பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒழிய அவற்றுக்கு நேரம் செலவிட வேண்டாம் என்பேன்.

நேரத்தையும் பணத்தையும் தயங்காமல் செலவிட வேண்டிய இடம் 'தி ஹேபிடாட்' என்ற காட்டுப் பூங்கா. ரயில் கட்டணத்தைத் தவிர இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது சிறிய தொகையும் அல்ல. இருந்தாலும், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கிறவர்களுக்குக் கடற்கரையில் பாராசூட்டில் பறப்பதை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்றே சொல்வேன். பாதை ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர்; பெரும்பாலும் சமதளமாக, மலைச்சரிவை ஒட்டியே செல்கிறது. இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரப்பெரணிகள், இஞ்சி இனச் செடிகள், வேர்கள் தொங்கும் பெருமரங்கள். இந்தக் காடு நட்டு வளர்த்த தோப்பன்று, தொன்மையான மழைக்காடு. பினாங்குத் தாவரவியல் பூங்காவையும் தெலுக் பஹாங்கிலுள்ள தேசியப் பூங்காவையும் உள்ளடக்கிய 12,481 ஹெக்டர் பரப்பை யுனெஸ்கோ 2021 செப்டம்பரில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கொடிமலை அதன் நடுநாயகம்.

பாதையில் நாங்கள் அதிக நேரம் நின்றது ஒரு லோத்தோங் குரங்குக் கூட்டத்தின் முன்னால். கரும்சாம்பல் நிற உடம்பு, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதைப் போன்ற வெள்ளை வளையம், வாயருகே ஒரு வெளிர்த் திட்டு. தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி மட்டும் பழுத்த மாம்பழத்தின் மஞ்சள் நிறத்தில் இருந்தது. வளர வளர அந்த நிறம் மாறிவிடும். தாய் ஒரு கிளையை வளைத்து, முற்றிய இலைகளை ஒதுக்கி, நுனித் தளிரை மட்டும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டது. குட்டி அவ்வப்போது தலையை நீட்டி அந்தத் தளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பத்துமலைப் படிகளில் பையைப் பறிக்கும் குரங்குகளைப் பார்த்துப் பழகிய அக்காள் மகன் தன் தண்ணீர்ப் புட்டியை இறுகப் பிடித்துக்கொண்டான். இலைதழை தின்னும் லோத்தோங் பெரும்பாலும் மனிதரைப் பொருட்படுத்துவதே இல்லை. பறிக்கிற வகைக் குரங்குகளும் மலையில் உண்டு என்பதால் உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாமல் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. தீனி போடுவதை அறவே தவிர்க்க வேண்டும். நாம் போடும் ஒரு துண்டு ரொட்டிதான் அவற்றைப் பறிக்கப் பழக்குகிறது.

காட்டின் நடுவே 'லங்கூர் வே' என்னும் தொங்கு நடைபாலம் இருக்கிறது. நீளம் 230 மீட்டர். காட்டுத் தரையிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். கயிற்றுப் பாலங்களைப் போல அங்குமிங்கும் ஆடாது, ஆனால் நடுப்பகுதியில் மெல்லிய அசைவு காலுக்குத் தெரியும். உயரத்துக்கு அஞ்சும் அம்மா முதல் பத்தடியில் நின்றுவிட்டு, அங்கிருந்த பணியாளர் பெண் தமிழிலேயே பேசித் தைரியம் சொன்ன பிறகு, கைப்பிடியை விடாமல் மறுமுனைவரை வந்துவிட்டார். மரங்களின் உச்சி கண் மட்டத்தில் இருப்பதால், கீழிருந்து குரலை மட்டுமே கேட்கும் பறவைகளை இங்கே நேரே பார்க்கலாம். துடுப்புவால் கரிச்சான் ஒன்று, வாலின் இரு நீண்ட இழைகளும் பின்தொடர, பாலத்துக்குக் கீழே பறந்து போனதை மேலிருந்து பார்த்தோம். கரிய மலை அணில் ஒன்றும் கிளைவிட்டுக் கிளை தாவியது. அதன் உடம்பைவிட வால் நீளம். பாதையின் இன்னொரு கிளையில் 'கர்ட்டிஸ் கிரெஸ்ட்' என்ற வட்ட மேடை வருகிறது. 1884இல் உருவான தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளரான சார்லஸ் கர்ட்டிஸின் பெயர் அது. தீவின் கிழக்கும் மேற்கும் ஒருங்கே தெரியும் இடம். காற்று பலமாக இருந்தால் அதை மூடிவிடுவார்கள், எனவே திறந்திருக்கும்போதே முதலில் அங்கே ஏறிவிடுங்கள்.

காசு கொடுக்காமல் நடக்க வேண்டிய பாதைகளும் உண்டு. மேல் நிலையத்திலிருந்து பிரியும் தார்ச்சாலைகளில் பொது வாகனங்கள் கிடையாது; மலைவாசிகளின் வண்டியும் சுற்றுலா பக்கி வண்டியும் எப்போதாவது கடந்து செல்லும். 1786இல் தீவில் கொடி நாட்டிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட், ஸ்ட்ராபெர்ரி பயிரிடுவதற்காக 1788இலேயே மேலே வர வழி வெட்டச் செய்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கட்டிய பங்களாக்கள் சாலையோரத்தில் ஆங்காங்கே நிற்கின்றன; சில பராமரிப்போடு, சில பாசி படர்ந்து. ஆளுநருக்குரிய பெல் ரெட்டிரோ மாளிகையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். அதைத் தாண்டி மேற்கு மலை நோக்கிச் செல்லும் சாலையில் கூட்டம் அடியோடு குறைந்து, வண்டுகளின் இரைச்சல் மட்டுமே கேட்கும். 833 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம்தான் தீவின் உச்சி. நடக்க இயலாதவர்களுக்குப் பக்கி வண்டி உண்டு. பேரம் பேசாமல், எவ்வளவு தூரம் கூட்டிப்போவார்கள் என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உணவங்காடியில் நாசி லெமாக்கும் ஐஸ் கச்சாங்கும் கிடைக்கின்றன. பசிக்குப் போதும், அதற்காகவே ஏறத்தக்கது அல்ல. சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் லிட்டில் இந்தியாவில் முந்திய இரவே இட்லியோ எலுமிச்சைச் சாதமோ சொல்லி வைத்து எடுத்துவருவது உத்தமம்.

உடல் வலு உள்ளவர்களுக்கு ரயிலை ஒரு வழிக்கு மட்டும் பயன்படுத்தும்படி சொல்வேன். தாவரவியல் பூங்காவின் வாயிலருகே தொடங்கும் ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். தொடக்கம் முதல் கடைசிவரை ஏற்றம்தான், சில வளைவுகளில் கெண்டைக்கால் கெஞ்சும். பாதி வழியில் '84' என்றழைக்கப்படும் இளைப்பாறும் இடத்தில் தன்னார்வலர்கள் நடையர்களுக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கம் உண்டு. உள்ளூர்வாசிகள் விடியலிலேயே ஏறி, மேலே பசியாறிவிட்டு, ரயிலில் இறங்கி வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஏறுவதைவிட நடந்து இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு. ஆகவே ஒரு வழிச் சீட்டு எடுப்பதானால் இறங்குவதற்கு எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக விற்கப்படும் தீவுச் சுற்றுலாத் திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு முறை என் உறவினர்களுக்கு அப்படியொரு திட்டம் வாங்கிக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, ஒன்றரை மணிக்குள் வண்டிக்குத் திரும்பச் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி வரிசையிலேயே கழிந்தது. முருகன் கோயில் இருப்பதைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. அவர்களுக்கு மலை பிடிக்காமல் போனதற்கு மலையைக் குறை சொல்ல முடியாது.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்து பட்டர்வொர்த்தில் இறங்கி, படகில் நீரிணையைக் கடந்து ஜோர்ஜ்டவுனில் தங்குங்கள். படகில் இப்போது கார்களை ஏற்றுவதில்லை என்பதால் காரில் வருகிறவர்களுக்குப் பாலம்தான் வழி. வந்த நாளை 1833இல் கட்டிய குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்துத் தெருக்களுக்கும் கொடுங்கள். மறுநாள் காலை கொடிமலை. அடுத்த நாள் விடியற்காலையில் தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறிவிட்டு, பிறகு தெலுக் பஹாங் பக்கம் போகலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். 2017 நவம்பர் பெருமழையில் மலையில் பல இடங்களில் மண் சரிந்தது. இடி மின்னல் நேரத்தில் காட்டுப் பாலத்துக்குப் போக விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மலையிலிருந்து இறங்கும் வரிசை நண்பகலுக்குப் பின் நீளத் தொடங்கும். ஒரு மணிக்குள் இறங்கிவிட்டால், மலையடிவாரத்துக்கு அருகிலேயே உள்ள கெக் லோக் சி கோயிலுக்கும் அன்றே போகலாம். அங்குள்ள குவான் இன் வெண்கலச் சிலையின் உயரம் 30.2 மீட்டர். களைப்பாக இருந்தால் அதை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஆயர் ஈத்தாமில் மீன் சாப்பிடுகிறவர்கள் ஒரு கிண்ணம் லக்சாவும் மற்றவர்கள் ஒரு செண்டோலும் சாப்பிட்டு, அறைக்குத் திரும்பிச் சற்றுப் படுத்தெழுந்து, ஐந்து மணிக்கு மேல் பத்து பெரிங்கிக்குக் கிளம்பினால், வெயில் தாழ்ந்து மணலும் சூடு தணிந்திருக்கும். பிள்ளைகள் கடலில் ஆடி முடிப்பதற்கும் சாலையோர இரவுச் சந்தைக் கடைகள் விரிப்பதற்கும் நேரம் சரியாக இருக்கும்.